துருப்பிடித்த கோடாலிக்கு மறுபிறவி!

அமெரிக்காவில் சிலருக்கு ஒரு வினோதமான பொழுதுபோக்கு. துருப்பிடித்த பழைய கோடாலிகளைத் தேடிப் பிடிப்பது!

பழைய சாமான் சந்தைகளில் தேடுகிறார்கள். பண்ணைக் கொட்டகைகளின் மூலைகளில் தேடுகிறார்கள். காம்பு இல்லாமல், துருவேறிச் சிவந்துபோன ஓர் இரும்புத் தலை கிடைத்தால் போதும். புதையல் கிடைத்த மாதிரி மகிழ்ச்சி!

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, துருவை நீக்குகிறார்கள். வாயைத் தீட்டுகிறார்கள். புதுக் காம்பு போடுகிறார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய கோடாலி மீண்டும் மரம் வெட்டுகிறது!

ஊருக்கே பெயர்

ஒரு காலத்தில் அமெரிக்கக் காடுகளில் வேலை செய்தவர்களுக்குச் சோறு போட்டது கோடாலிதான்.

கானெக்டிகட் மாநிலத்தில் 1826-ம் ஆண்டில் காலின்ஸ் சகோதரர்கள் ஒரு கோடாலித் தொழிற்சாலை தொடங்கினார்கள். அதைச் சுற்றி ஓர் ஊரே உண்டாயிற்று. "காலின்ஸ்வில்" என்று ஊருக்கும் அவர்கள் பெயரே வந்தது. அங்கே செய்த கோடாலிகளும் வெட்டுக்கத்திகளும் பல நாடுகளுக்குப் போயின. கிரீடத்தின் மேல் ஒரு கை, அந்தக் கையில் சுத்தியல். இதுதான் அவர்களுடைய முத்திரை.

2-வது உலகப்போருக்குப் பின் காட்டு வேலைக்கு மோட்டார் ரம்பம் பரவியது. கோடாலி மூலைக்குப் போயிற்று. 1966-ல் காலின்ஸ் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

இன்று துருவைத் தேய்க்கும்போது, அடியிலிருந்து அந்த முத்திரை எட்டிப் பார்த்தால், தேய்ப்பவருக்குக் கை வலி மறந்துவிடுகிறது!

நெருப்பு கூடாது

முதல் வேலை, பழைய காம்பை எடுப்பது. சிலர் அவசரப்பட்டுத் தலையை நெருப்பில் போட்டு, உள்ளே இருக்கும் மரத்தை எரித்துவிடுவார்கள். இது பெரிய தவறு. சூட்டில் இரும்பின் பதம் கெட்டுவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

காம்பைத் தலைக்குக் கீழே அறுத்துவிட வேண்டும். துளைக்குள் இருக்கும் மரத்தைத் துளையிட்டுத் தளர்த்தி, தட்டி வெளியே தள்ள வேண்டும்.

துருவுக்கு மருந்து வினிகர். ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் கம்பித் தூரிகையால் தேய்த்தால் துரு உதிர்ந்துவிடும். பிறகு நன்றாகக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் துரு திரும்ப வந்துவிடும்.

வாயைத் தீட்ட அரம் போதும். கடைசியில் சாணைக்கல்லில் தேய்க்க வேண்டும். வேகமாகச் சுற்றும் சாணை இயந்திரத்தில் கொடுத்து, இரும்பு நீல நிறமானால் பதம் போயிற்று என்று அர்த்தம்! அரத்தால் ராவும்போது கைக்குத் தோல் உறை அவசியம்.

காம்பில்தான் உயிர்

தமிழில் "கோடாலிக் காம்பு" என்றால் சொந்த இனத்தையே அழிக்கும் துரோகிக்குப் பெயர். ஆனால் வெட்டுகிறவரின் உயிரைக் காப்பது அந்தக் காம்புதான்! ஓங்கி வீசும்போது தலை கழன்று பறந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் காம்புக்குப் பெயர் பெற்றது ஹிக்கரி மரம். இது அக்ரூட் இனத்தைச் சேர்ந்தது. உறுதியானது, வெட்டும்போது ஏற்படும் அதிர்ச்சியையும் தாங்கும்.

காம்பின் முனையைப் பார்த்தால் மரத்தின் ரேகைகள் தெரியும். கோடாலியின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அதே திசையில் ரேகை ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் காம்பு முறியக்கூடும்.

காம்பைச் செதுக்கித் துளையில் நுழைத்ததும் ஒரு வேடிக்கை நடக்கிறது. கோடாலியைத் தலைகீழாகத் தொங்கவிட்டபடி பிடித்துக்கொண்டு, காம்பின் அடிமுனையில் கொட்டாப்புளியால் தட்டுகிறார்கள். தலை கீழே விழாதா? விழாது! தட்டத் தட்ட, காம்பு தலைக்குள் இறுகுகிறது. காரணம், கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. காம்பு மட்டும் கீழே நகர்கிறது.

பிறகு காம்பின் நுனியில் உள்ள பிளவில் மர ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். மிஞ்சிய மரத்தை அறுத்துவிட்டு, காம்பு முழுவதும் ஆளி விதை எண்ணெய் தடவினால் வேலை முடிந்தது.

தண்ணீர் வைத்தியம்

ஆடுகிற கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் உண்டு. மரம் உப்பி இறுகிவிடும். ஆனால் அந்த இறுக்கம் நிலைக்காது. உப்பிய மரம் இரும்பில் நசுங்கிவிடுகிறது. காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும்! புது ஆப்பு அடிப்பதே சரியான வழி.

சட்டம் காத்த கலை

இது வெறும் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. 1964-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, ஜனாதிபதி ஜான்சன் வனப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். இயற்கையாகவே விட்டுவைக்க வேண்டிய காடுகளில், அவசர காரியம் போன்ற சில விலக்குகள் தவிர, மோட்டார் கருவிகளை உபயோகிக்கக் கூடாது என்பது விதி. இன்று அந்தக் காடுகளின் பரப்பு சுமார் 11 கோடி ஏக்கர்!

அங்கே பாதையில் மரம் விழுந்தால் என்ன செய்வது? கை ரம்பமும் கோடாலியும்தான் கதி. ஆகவே கோடாலியைச் செப்பனிடத் தெரிந்த கைகள் தேவைப்படுகின்றன. அமெரிக்க வன இலாகா 1999-ல் இதற்கென்றே ஒரு கைப்புத்தகம் வெளியிட்டது. அதில் தீட்டுவதும், காம்பு போடுவதும் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன.

நன்றாகச் செய்த இரும்புத் தலை நூறு ஆண்டுகூட உழைக்கும். அதற்குள் பல காம்புகள் மாறிவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு சின்ன மர ஆப்புதான்!