கர்ப்பத்துல பெல்ட்: எதை வாங்கணும், எங்கே போடணும்?

இடுப்பு வலிக்குதுன்னு மெடிக்கல் ஷாப்ல போய் "வயித்துக்கு ஒரு பெல்ட்" கேட்டா, பிரசவத்துக்கு அப்புறம் கட்டுற பெல்ட்டையே எடுத்துக் குடுத்துடலாம். அது வயிற்றை இறுக்கும். கர்ப்பத்துல வேண்டியது தாங்குற பெல்ட். அதனால "மெட்டர்னிட்டி சப்போர்ட் பெல்ட்"னு முழுசா சொல்லிக் கேளுங்கன்னுதான் நான் சொல்வேன். பிரஷர் இருக்கறவங்க வாங்குறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

பெல்ட் வயிற்றுக்கு நடுவுல இல்ல, கீழே வரணும். அடிவயிற்றைத் தாங்கி, இடுப்பெலும்பைச் சுத்திப் பின்பக்கம் போகணும். (கார் சீட் பெல்ட்டோட கீழ்ப் பட்டையும் வயிற்றுக்குக் கீழேதான்!) போட்டதும் ரெண்டு விரல் உள்ளே நுழையுதான்னு பாருங்க. மூச்சு முட்டினாலோ, நெஞ்செரிச்சல் கூடினாலோ, கால் மரத்தாலோ கழட்டிடுங்க.

நடக்கும்போதும் நின்னு வேலை செய்யும்போதும் ஒரு தடவைக்கு ரெண்டு மூணு மணி நேரம் போதும். தூங்கும்போது வேண்டாம்.

எனக்குப் பயம் என்னன்னா, எல்லா வலிக்கும் பெல்ட்டைப் போட்டுட்டுக் காத்திருக்கிறதுதான். 37 வாரத்துக்கு முன்னாடி வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, ரத்தமோ தண்ணியோ போனாலோ, குழந்தையோட அசைவு குறைஞ்சாலோ பெல்ட்டைத் தேடாதீங்க. ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.