சில்லறையில் வெள்ளி இல்லை

பெங்களூரின் ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் வருவது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. அதை ஒட்டிக் கிடக்கிறது சந்தாபுரா. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், அத்திப்பள்ளி வழியாக ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் போய் வருகிறவர்கள், வாடகை வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் என்று இங்கே கைக்குக் கை மாறும் சில்லறை கொஞ்சமல்ல. அதே ஆட்களின் கைபேசியில்தான் அந்த விளம்பரமும் வருகிறது: பழைய ஐந்து ரூபாய் இருக்கிறதா, வைஷ்ணவ தேவி படம் போட்ட காசு இருக்கிறதா, வெள்ளிக் காசு கலந்திருக்கிறதா, லட்சக்கணக்கில் தருகிறோம். மாதக் கடைசியில் கையில் காசில்லாதவருக்கு அது எப்படிப்பட்ட ஆசையைக் கிளப்பும் என்பது புரிகிறது. ஆனால் நம் நாட்டில் இன்று புழங்கும் சில்லறையில் வெள்ளி கிடைக்காது. அது தற்செயலாகக் காணாமல் போகவில்லை. அரசாங்கம் திட்டமிட்டு வெளியே எடுத்து, உருக்கி, கடனுக்குக் கொடுத்துத் தீர்த்த வெள்ளி அது. இந்த வரலாறு தெரியாத இடத்தில்தான் மோசடிக்காரனுக்கு வேலை நடக்கிறது.

1835 முதல் 1939 வரை இந்திய ரூபாய் என்பது 11.66 கிராம் எடை, அதாவது சரியாக ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போர் வந்ததும் மக்கள் நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கினார்கள். வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1940-ல் அரசு ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் நாணயத்தின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. பாதி வெள்ளி, நாற்பது சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் தலை பதித்த பழைய தரமான ரூபாய்கள் அடுத்த சில ஆண்டுகளில் வரிசையாகச் செல்லாதவையாக்கப்பட்டு, கருவூலம் வழியாகத் திரும்ப வாங்கப்பட்டன. 1946-ல் கால் ரூபாயும் அரை ரூபாயும், 1947-ல் முழு ரூபாயும் சுத்த நிக்கலாக மாறின. போர்க்காலத்தில் அமெரிக்கா இந்தியாவுக்குக் கடனாகத் தந்த வெள்ளி சுமார் 22.6 கோடி அவுன்ஸ். அதைத் திருப்பித் தருவதற்காக, பாதி வெள்ளி கலந்த அந்த நாணயங்களையும் அரசு திரட்டி, கல்கத்தாவில் உருக்கிச் சுத்திகரித்தது. எனவே 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தபோதே நம் அன்றாடச் சில்லறைக்கும் வெள்ளிக்கும் உறவு அறுந்துபோயிருந்தது.

அமெரிக்காவில் வங்கியில் நாணயச் சுருள்களை வாங்கிப் பிரித்துத் தேடி வெள்ளி எடுக்கிறார்களே, அந்தக் காணொளிகள் பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை. அங்கே 1964 வரை அச்சான பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்களில் 90 சதவீதம் வெள்ளி இருந்தது. 1965-ல் சட்டம் போட்டுப் பத்து சென்ட், கால் டாலரிலிருந்து வெள்ளியை விலக்கினார்கள், அரை டாலரில் குறைத்தார்கள். ஆனால் பழைய நாணயத்தை அந்த அரசு செல்லாததாக ஆக்கவில்லை. இன்றைக்கும் அது அதே முகமதிப்பில் செல்லும் என்பதால் எப்போதாவது ஒன்று வங்கிச் சுருளில் சிக்குகிறது. நமக்கு அந்த வாசல் கிடையாது. வங்கியிலோ நாணய மேளாவிலோ நூறு நூறாகக் கட்டித் தரும் பையில் இருப்பது எஃகும், நிக்கல் பித்தளை, செம்பு நிக்கல் போன்ற கலவைகளும்தான். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாதவை. வைஷ்ணவ தேவி காசு 2012-ல் பொதுப் புழக்கத்துக்கு வந்த ஒன்று. 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாயில் 80 சதவீதம் வெள்ளி இருந்தது உண்மை. 1970-களின் சில நினைவு நாணயங்களிலும் பாதி வெள்ளி உண்டு. ஆனால் அவை வீட்டில் எடுத்து வைக்கப்பட்டவை, மளிகைக்கடைக் கல்லாவில் சுற்றுகிறவை அல்ல. இப்போது வரும் வெள்ளி நினைவு நாணயங்களை அரசு நாணயச் சாலையே நேரடியாகச் சேகரிப்பாளர்களுக்கு விற்கிறது. அவையும் பஸ் கண்டக்டர் பைக்குள் வந்து விழப்போவதில்லை.

வெள்ளி இருக்கக்கூடிய இடம் வேறு. பாட்டியின் டிரங்குப் பெட்டி, பூஜை அறைச் செம்பு, தாலிக்கொடியோடு பொதிந்து வைத்த ராணிக் காசு. அந்த வெள்ளி உண்மையானது, அதன் மதிப்பும் உண்மையானது. ஆனால் அந்த மதிப்பு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1939 வரையிலான தரமான ஒரு ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். கிலோ ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 1,070 ரூபாய். 1940-45 பாதி வெள்ளி ரூபாயில் 5.8 கிராம், அதாவது 580 ரூபாய் அளவு. அன்றைய வெள்ளி விலை எதுவோ அதற்கேற்ப இந்தத் தொகையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனை காந்தம். ஒட்டினால் வெள்ளியல்ல, எஃகும் ஒட்டும், 1947-ன் நிக்கல் ரூபாயும் ஒட்டும். ஒட்டாவிட்டால் வெள்ளிதான் என்று முடிவுகட்டக் கூடாது, செம்பு நிக்கலும் ஒட்டாது. அடுத்தது எடை. அதற்கு மேல், காசைக் கீறாமல் உலோகத்தின் அளவைக் காட்டும் எந்திரம் உள்ள தரச்சோதனை மையத்தில் காட்டிச் சீட்டு வாங்குவதே நல்லது. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். கழிவு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

எல்லாப் பழைய காசும் வெள்ளி விலைக்குத்தானா போகும், அபூர்வ நாணயம் என்று ஒன்று கிடையாதா? உண்டு. 1911-ன் ரூபாயில் மன்னர் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பியதால் பெரும்பகுதி உருக்கப்பட்டது. மிஞ்சியவற்றுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. 1939 ஆண்டு பொறித்த ஜார்ஜ் ரூபாயும் அரிது. ஆனால் அரிதானவற்றில்தான் போலிகள் அதிகம், ஆண்டு எண்ணைச் சுரண்டி மாற்றியவையும் உண்டு. முறையான ஏலக்காரர் நாணயத்தை நேரில் பார்க்காமல் விலை சொல்லமாட்டார். விற்பவரிடம் முன்பணம் கேட்கவும் மாட்டார், விற்ற தொகையில்தான் தரகைக் கழிப்பார். ராமர் பட்டாபிஷேகம் பதித்து, 1616 என்றோ 1818 என்றோ ஆண்டு போட்டுக் கம்பெனி காசு என்று விற்கப்படும் செம்புத் துண்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை கோயில் வாசல்களில் விற்ற பக்தி வில்லைகள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று தமிழகத்திலும் கர்நாடகத்திலும் குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்திய மோசடிகளுக்கு இதே வில்லைகள் பயன்பட்டிருக்கின்றன. நகையை அடகு வைத்துக் கட்டிய அந்தப் பணத்தை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

மோசடி நடக்கும் விதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காசின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். உடனே பெரிய தொகை ஒன்றைச் சொல்வார்கள். அடுத்து ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட சான்றிதழ் ஒன்று வரும். பதிவுக் கட்டணம் கொஞ்சம்தான் என்பார்கள். பிறகு ஜிஎஸ்டி, பிறகு வருமான வரி, பிறகு கூரியர், பிறகு கோப்பை விடுவிக்க ஒரு தொகை. கொஞ்சம்தானே, போனால் போகட்டும் என்ற எண்ணத்தை நம்பித்தான் அந்த முதல் தொகையைச் சிறியதாக வைக்கிறார்கள். கொடுத்ததை விட மனமில்லாமல் அடுத்ததையும் கொடுக்கிறோம். தயங்கினால் குரல் மாறும்: பழங்கால நாணயம் வைத்திருப்பது குற்றம், போலீஸ் வரும். இங்கே சட்டம் தெளிவானது. 2021 ஆகஸ்ட் 4-ல் ரிசர்வ் வங்கியே அறிவித்துவிட்டது: பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்கும் வேலையில் அது ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாரையும் நியமிக்கவும் இல்லை. வீட்டில் ஜார்ஜ் காசு வைத்திருப்பது குற்றமே அல்ல. குற்றங்கள் வேறு. இன்று செல்லும் நாணயத்தை உருக்கினால் 2011 நாணயச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறை. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால் தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதைத் தொழிலாக வாங்கி விற்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும், அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். சுற்றிலும் அடுக்குமாடிக்கு மண் தோண்டும் ஊர் இது என்பதால் இன்னொன்றும் முக்கியம்: மண்ணுக்குள் கிடைத்த காசை மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கர்நாடகப் புதையல் சட்டம் 1962 முதல் சொல்கிறது. அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது, ரகசியமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் வந்தால், அது போலியாக இருக்கும். போலியாக இல்லாவிட்டால் வாங்குபவருக்கு வழக்காக இருக்கும்.

பணம் போய்விட்டால் முதலில் செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணுக்கு அழைப்பது. அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தடுத்து நிறுத்த அதுதான் வழி, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் மதிப்புள்ளது. தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதிய வேண்டும்; வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வாடிக்கையாளர் தவறே இல்லாமல் மூன்றாம் ஆள் திருடியிருந்தால் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பில்லை. ஆனால் ரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது, தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது. இது கசப்பான விதி. வெட்கப்பட்டு நாலு நாள் மறைப்பவர் இதனாலேயே இன்னும் அதிகமாக இழக்கிறார். பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை அழுத்தவே தேவையில்லை என்பதையும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். காவல் நிலையத்தில், ஏமாற்றியவன் வேறு மாநிலத்துக்காரன், உங்கள் முகவரி தமிழ்நாடு என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிவு செய்யப் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஏமாற்றுதலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவும், கணினி வழி ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் பொருந்தும். அழைத்த எண், பணம் போன யுபிஐ முகவரி, அந்தப் போலிச் சான்றிதழ், உரையாடல் எதையும் அழிக்கக் கூடாது.

இல்லாத வெள்ளியைத் தேடும் அக்கறையில் பாதியையாவது கையில் இருக்கும் காசின் உரிமைக்குக் காட்டலாம். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் கடைகள் பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் இன்னும் உண்டு. அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. 14440 என்ற எண்ணில் அதைக் குரல் பதிவாகவும் கேட்கலாம். 50 பைசா இன்றும் செல்லும், பத்து ரூபாய் அளவு வரை. ஒரு ரூபாய் முதலான நாணயங்களை ஒரு நேரத்தில் ஆயிரம் ரூபாய் வரை கொடுப்பது சட்டப்படி செல்லும் பணம். வங்கிக் கிளை சில்லறையை வாங்க மறுத்தால் மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை பெறலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் கட்டணமின்றி எழுதலாம்.