மார்கழியில் 200, மாசியில் 600

போன தை மாதம் 300 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு வீடு வந்தேன். குளித்துவிட்டுச் சட்டை போட்டால் பொத்தான் மாட்ட வரவில்லை. இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் கட்டையாகிக் கிடந்தன. கால்வலி இரண்டு நாளில் போய்விட்டது. விரல்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. மணிக்கணக்கில் ஹேண்டில்பாரில் ஊன்றியதில், உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஓடும் அல்நார் நரம்பு நசுங்கியிருக்கிறது. இதில் வேடிக்கை, அடுத்த ஞாயிறே 400 கிலோமீட்டருக்குப் பணம் கட்டியிருந்தேன்.

பிரெவே என்று அழைக்கப்படும் இந்த நெடுந்தூரப் பயணங்கள் பந்தயமல்ல. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 என்று கெடு உண்டு. அதற்குள் வந்தால் போதும். நவம்பர் முதல் அக்டோபர் வரையிலான ஒரே சீசனில் நான்கையும் முடித்தவர் 'சூப்பர் ராண்டனர்'. நான்காண்டுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்துக்கும் இந்த நான்கும்தான் நுழைவுச் சீட்டு. அடுத்தது 2027-ல்.

நான்கு தேதிகளைக் குறித்துக்கொள்வது சுலபம். சிக்கல் இடைவெளியில். உடம்பின் பாகங்கள் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. தசையில் தீர்ந்த கிளைகோஜன், வயிறாரச் சோறு சாப்பிட்டால் ஓரிரு நாளில் நிரம்பிவிடும். தொடர்ந்து மிதித்தால் ரத்தத்தின் பிளாஸ்மா ஒரு வாரத்திலேயே கூடத் தொடங்கும். மைட்டோகாண்ட்ரியா பெருக வாரங்கள் வேண்டும். தசைநாண்கள் பலப்படவோ மாதங்கள். மூச்சு வாங்காமல் மிதிக்க முடிகிறதே என்று தூரத்தை ஏற்றுபவர்களுக்கு முழங்கால் வலி வருவது இதனால்தான். அதற்காக ஒரு மாதம் முழுக்கச் சைக்கிளைத் தொடாமலிருந்தால், சேர்த்த தெம்பு வடிய ஆரம்பித்துவிடும். மூன்று வார இடைவெளி, அதில் முதல் வாரம் ஓய்வு, மற்ற இரண்டில் அளவான ஓட்டம்: எனக்கு ஒத்துவருவது இதுதான்.

வானிலையும் சம்மதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். சித்திரை வந்தால் தார்ச்சாலையே அடுப்பு. ஆகவே மார்கழிப் பனியில் 200, பொங்கல் முடிந்ததும் 300, தை முடிவதற்குள் 400, மாசியில் 600. பங்குனிக்குத் தள்ளினால் வெயிலுக்கு உடம்பு பழகவே பத்துப் பதினைந்து நாள் தனியாக ஒதுக்க வேண்டும்.

600-க்கு மட்டும் தனிக் கணக்கு உண்டு. சனி காலை 5 மணிக்குக் கிளம்பினால் ஞாயிறு இரவு 9 மணிக்குக் கெடு. பின்னிரவு 4 மணிவாக்கில் உடல் வெப்பநிலை அடிமட்டத்துக்கு இறங்கும். கண் திறந்திருக்கும்போதே சைக்கிள் ஓரம் போகும். இதைப் பயிற்சியால் வெல்ல முடியாது. டீக்கடை பெஞ்சில் இருபது நிமிடம் கட்டையைச் சாய்ப்பதே மருந்து. அதனால் 350-வது கிலோமீட்டர் அருகே எங்கே படுக்கலாம் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் மற்ற நிறுத்தங்களைப் போடுகிறேன்.

இந்த ஆண்டு ஹேண்டில்பாருக்குத் தடித்த டேப் சுற்றியாயிற்று. காலண்டரில் 300-க்கு அடுத்த வாரத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அந்தக் கட்டத்தில் மனைவி 'பரண் சுத்தம்' என்று எழுதி வைத்திருக்கிறார்.