ஊரின் பெயர் யாருக்குச் சொந்தம்?

வெள்ளவத்தையிலே மாம்பழம் வாங்கச் செல்லும் இல்லத்தரசி, "கறுத்தக்கொழும்பான் உண்டா?" என்று வினவுகிறாள். அப்பெயரிலே கொழும்பு ஒலித்தாலும், அவள் நாடுவது யாழ்ப்பாணத்து மண்ணில் விளைந்த கனியையே. அதே வீதியில் காஞ்சிபுரம் சேலை கேட்கும்போது நிலைமை வேறு. அங்கே ஊரின் பெயரே பண்டத்தின் தரத்துக்குப் பிணை. முன்னையது மாவின் இனத்தைக் குறிக்கும் பெயர். பின்னையது பிறந்த இடத்தைக் குறிக்கும் பெயர். இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதெனத் தோன்றலாம். ஆயினும், இது பற்றியே உலக நாடுகள் பல ஆண்டுகளாக ஜெனீவாவில் வாதாடி வருகின்றன. நமது தேயிலையும் கறுவாவும் அவ்வழக்கிலே சம்பந்தப்பட்டிருத்தலால், அதன் வரலாற்றை நம் குடும்பத்தவரும் மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

மதுவுக்குக் கிடைத்த சலுகை

பிரான்சு தேசத்தில் சம்பெயின் என்றொரு பிரதேசம் உண்டு. அங்கு செய்யப்படும் நுரை பொங்கும் திராட்சை மதுவுக்கும் அதுவே பெயர். ஸ்பெயின் நாட்டு மதுவைச் சிலர் "ஸ்பானிய சம்பெயின்" என்று பெயரிட்டு இங்கிலாந்தில் விற்றனர். பிரெஞ்சு உற்பத்தியாளர் வழக்குத் தொடுத்தனர். 1960 ஆம் ஆண்டில் இலண்டன் நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

இத்தகைய பெயர்களைக் காக்கும் விதி 1994 ஏப்ரலில், மொரோக்கோவின் மராகேஷ் நகரில் கைச்சாத்தான உடன்படிக்கையால் உலக விதியாயிற்று. உலக வர்த்தக நிறுவனத்தின் புலமைச் சொத்து உடன்படிக்கை என்பது அது. ஒரு பண்டத்தின் தரமோ புகழோ அது பிறந்த இடத்தைச் சார்ந்திருக்குமாயின், அவ்விடத்தின் பெயரைப் "புவியியற் குறியீடு" என அது காக்கிறது.

ஆயின், அந்தக் காவல் எல்லாப் பண்டங்களுக்கும் சமமானதன்று. 22 ஆம் பிரிவு சகல பண்டங்களுக்கும் உரியது. அதன்படி வழக்காடுவோர், கொள்வோர் ஏமாற்றப்படுகின்றனர் என்பதை நிரூபித்தல் வேண்டும். 23 ஆம் பிரிவோ திராட்சை மதுவுக்கும் விஸ்கி, சாராயம் போன்ற வடிமதுக்களுக்கும் மட்டுமே உரியது. அங்கே ஏமாற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. உண்மையான நாட்டின் பெயரைச் சுட்டியிருந்தாலும், "சம்பெயின் வகை", "சம்பெயின் பாணி" என்று எழுதுதல் கூடாது.

இதன் விளைவு யாது? பிறநாட்டுத் தேயிலைப் பொதியொன்றில் "சிலோன் பாணித் தேயிலை" என்று பெரிதாக எழுதி, விளைந்த நாட்டைக் கீழே குறிப்பிட்டு விட்டால், அதைத் தடுக்க விரும்புவோர் அந்நாட்டு நீதிமன்றத்திலே பெரும் பொருள் செலவிட்டு வழக்காட நேரும். நம் நாட்டுச் சாராயத்துக்கு அத்தகைய குறியீடு ஏற்படுமாயின், அதற்கோ 23 ஆம் பிரிவின் முழுக் காவலும் கிட்டும்! குடியைக் கெடுக்கும் பானத்துக்குள்ள பாதுகாப்பு, குடும்பம் முழுவதும் பருகும் தேநீருக்கு இல்லை.

ஜெனீவாவில் நடந்தது

இந்த ஏற்றத்தாழ்வை நீக்கி, மதுவுக்குள்ள காவலை மற்றைய பண்டங்களுக்கும் விரிவாக்க வேண்டும் என்று இலங்கை, இந்தியா, சுவிற்சர்லாந்து, கென்யா, தாய்லாந்து முதலிய நாடுகள் கூட்டாகக் கோரின. 2001 நவம்பரில் டோஹா மாநாடு இக்கோரிக்கையை ஆராயப் பணித்தது. மதுப் பெயர்களுக்கான அனைத்துலகப் பதிவேடு பற்றிய பேச்சுக்கும் காலவரை விதித்தது.

அமெரிக்கா, அவுஸ்திரேலியா, ஆர்ஜென்டீனா முதலிய நாடுகள் எதிர்த்தன. அவர்கள் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து குடியேறியவர், தம் ஊரின் பாற்கட்டிச் செய்முறையோடு அதன் பெயரையும் உடன் கொண்டு சென்றனர். தலைமுறைகள் பல கடந்தபின் அதைக் கைவிடச் சொல்வது முறையோ என்பது அவர்கள் வினா. நமது கறுத்தக்கொழும்பானைப் போலவே அவையும் பொதுப்பெயர்களாகிவிட்டன என்பது அவர்கள் வாதம். இரு திறத்தாரும் இணங்கவில்லை. பதிவேடும் அமையவில்லை, விரிவாக்கமும் நிறைவேறவில்லை.

நாமே தேடிய காவல்

உலகம் இணங்கும் வரை இலங்கை காத்திருக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், மதுவுக்குரிய உயர்ந்த காவலை விவசாயப் பொருட்களுக்கும் உணவுக்கும் வழங்கியது. ஆனால் உள்நாட்டுச் சட்டம் துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள அத்துறையை விட்டுக் கப்பல் புறப்பட்டபின், அந்தந்த நாட்டுச் சட்டமே பேசும். ஆகையால் இலங்கைத் தேயிலைச் சபை, வாளேந்திய சிங்க முத்திரையைப் பல நாடுகளிலும் பதிவு செய்திருக்கிறது. கலப்பின்றி முழுவதும் இலங்கையில் விளைந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டு, சபையின் தரத்துக்கும் அமைந்த தேயிலையே அம்முத்திரையைத் தாங்கலாம். 1972 இல் நாடு "சிலோன்" என்ற பெயரைக் களைந்த பின்னரும் தேயிலை அதைக் களையாதது, அப்பெயருக்குச் சந்தையில் இருந்த மதிப்பினாலேயே.

கறுவாவின் வெற்றி இன்னும் பெரிது. கொழும்பு 7 ஐக் கறுவாத்தோட்டம் என்று நாம் வழங்குவதே அதன் பழைய பெருமைக்குச் சான்று. நமது கறுவா, மெல்லிய உட்பட்டைகள் பல ஒன்றினுள் ஒன்றாகச் சுருண்டது. சீனாவிலும் இந்தோனேசியாவிலும் விளையும் காசியாவோ தடித்த தனிப்பட்டை. அளவு மிஞ்சினால் ஈரலுக்குத் தீங்கு செய்யக்கூடிய கூமரின் என்னும் பொருள் அதில் மிகுதி. பொடியாக்கிவிட்டால் கண்ணால் இவற்றைப் பிரித்தறிதல் அரிது. எனவே பெயரே பாதுகாப்பு. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் "சிலோன் கறுவா" என்ற பெயரைப் புவியியற் குறியீடாகப் பதிவு செய்தது. இலங்கைப் பண்டமொன்று அங்கே பெற்ற முதலாவது பதிவு அதுவே.

பெயரை உண்டாக்கியவர்

பெயருக்கு உரிமை கோரும் நாம், அப்பெயரை உண்டாக்கியவரை மறத்தல் தகாது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலைத் தோட்டம் அமைத்தார் என்று பாடநூல்கள் கூறும். மலைச்சரிவுகளை வெட்டித் திருத்திப் பசுமையாக்கியவர்களோ, தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த தொழிலாளர். இந்நாட்டின் பெயரை உலகெங்கும் தேநீர்க் கோப்பைகளில் கொண்டு சேர்த்த அம்மக்களை 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஓர் உண்மை கண்ணிற் படும். தேயிலையின் பெயரைக் காத்தது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம். அதற்கு நேர் முந்தியது, அதே ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். எஞ்சியிருந்த நாடற்ற இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது அதுவே. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, தேயிலையின் பெயருக்கும் அதைப் பறித்தவரின் பெயருக்கும் அடுத்தடுத்து இடம் கிடைத்தது.

இடம் கிடைத்தாற் போதுமா? நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்ற நெடுங்காலக் கோரிக்கை 2021 இல் தான் நிறைவேறியது. ஊரின் பெயரால் வரும் கூடுதல் விலை, அந்த ஊரில் உழைப்பவரின் அடுப்பங்கரையை எட்ட வேண்டும். அதுவன்றோ இக்காவலின் முழுப் பயன்? அடுத்த முறை தேயிலைப் பொதியை வாங்கும்போது சிங்க முத்திரையைப் பாருங்கள். அது என்னவென்று பிள்ளைகள் கேட்டால், அதைப் பதிவு செய்தோரின் கதையோடு கொழுந்து பறித்தோரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.