வாசலில் கேட்கப்படும் கேள்வி

முதல் வீட்டைத் தேடி அலையும் இளம் குடும்பத்திடம் சென்னையில் பலரும் வாடகையைப் பேசுமுன் கேட்பது: ‘நீங்க வெஜ்ஜா?’ இதைச் சோற்றைப் பற்றிய விசாரணையாக மட்டும் வாசிக்க முடியாது. சாதியை, மதத்தை வாய்விட்டுக் கேட்காமலே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு இது. ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்பதும் அதற்குத்தான். பதில் கிடைத்ததும், ‘வேற ஆளுக்குப் பேசியாச்சே’ என்று கதவு சாத்தப்படும். கைக்குழந்தையோடு அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டியதுதான்.

ஏன் இந்தச் சுற்றுவழி? 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவரைக் குடியிருக்க விடாமல் தடுப்பதைக் குற்றமென்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் கொள்ளும். அந்த ‘வேறு காரண’த்தைத்தான் கறிக்குழம்பு தயாராக வைத்திருக்கிறது. மதத்தின் பேரில் மறுக்கப்படும் முஸ்லிம் குடும்பத்துக்கோ இச்சட்டமும் துணையில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம், முன்பணம், காலிசெய்தல் பற்றிப் பேசுகிறது. வாடகைதாரர் ஆனவருக்குத்தான் அதில் இடம். வாசலோடு திருப்பப்பட்டவருக்கு இல்லை.

‘கடன வாங்கியாவது சொந்தமா வாங்கிட்டா இந்த வம்பில்ல’ என்கிறார்கள். அகமதாபாத்தில் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலை கொடுப்பவரையும் விதி தடுக்கலாம் என்றாகிறது.

வாடகை உயர்வை எதிர்க்கும் நம் இயக்கங்கள் இந்தக் கேள்வியையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.