அரத்தை மணக்கும் அயல்நாட்டு ரசம்

சென்ற கோடை விடுமுறையில், சென்னையில் பணிபுரியும் எங்கள் மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். எண்பது வயதைக் கடந்த என் அன்னையாரும் உடன் வந்திருந்தார். விருதுநகரை விட்டு அதிகம் வெளியே சென்றறியாதவர் அவர். ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், "இன்னைக்கு யாரும் அடுப்படிப் பக்கம் போக வேண்டாம்" என்று கூறியபடி மகள் கைப்பேசியை எடுத்தாள். சற்று நேரத்தில் இளைஞர் ஒருவர் பெரிய பையுடன் வாசலில் வந்து நின்றார். உள்ளே இருந்தது தாய்லாந்து நாட்டு உணவு!

மூடியைத் திறந்ததும் எழுந்த மணம் எங்களுக்குப் புதிது. "கருவாடு கழுவின தண்ணி மாதிரி வாடை அடிக்குதே. எனக்குத் தயிர்ச்சோறு போதும்மா" என்று அன்னையார் தட்டைத் தள்ளி வைத்தார். "எதற்கு இந்த வீண் செலவு?" என்று நானும் என் பங்குக்குக் கூறினேன். மகளின் முகம் வாடியது. தான் சுவைத்து மகிழ்ந்ததைப் பெற்றோருக்கும் பாட்டிக்கும் தர விரும்பிய பிள்ளை அவள். நாங்கள் தள்ளியது தட்டை மட்டும்தானா?

பேத்தியின் முகத்தைக் கண்ட அன்னையார் மனமிரங்கி, ரசம் போன்றிருந்த ஒன்றில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார். உடனே அவர் கண்கள் விரிந்தன. "அடியே, இது அரத்தையில்ல! இருமலுக்கு நான் கசாயம் போடுவேனே!"

அவர் கூறியது முற்றிலும் சரியே. டோம் யம் எனப்படும் அந்தப் புளிப்பு ரசத்தில் பேரரத்தையும் எலுமிச்சைப் புல்லும் சேர்கின்றன. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு, அவர்களுக்கு அன்றாடச் சமையற்பொருள். வாடைக்குக் காரணமான மீன் சாறோ, நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டுப் பல மாதங்கள் ஊறவைத்து வடிப்பது. கருவாட்டுக் குழம்பு மணக்கும் வீடுகளில் வளர்ந்த நாம் அதைக் கண்டு முகம் சுளிக்கலாமா?

மிளகாய் யாருடையது?

விருதுநகர்ச் சந்தையில் மலைபோல் குவியும் வற்றலைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் மிளகாய் நம் மண்ணில் தோன்றியதன்று. அமெரிக்கக் கண்டத்திற்குரிய அது, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரின் வணிகத்தால் கீழை நாடுகளில் பரவியது. அதுவரை நம் காரம் மிளகே. புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே சூட்டி 'மிளகாய்' என்றோம். தாய்லாந்தினரும் 'பிரிக்' என்ற பழைய பெயரை மிளகாய்க்குத் தந்துவிட்டு, மிளகைப் 'பிரிக் தாய்', அதாவது தாய்நாட்டுப் பிரிக், என்று அழைக்கத் தொடங்கினர்.

அந்நாட்டின் சோம் தம் என்னும் பப்பாளிக்காய்க் கலவையை நோக்குங்கள். பப்பாளி, மிளகாய், தக்காளி, நிலக்கடலை ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்தின் கொடைகள். நம் ஊரின் கடலை எண்ணெய்க்கும் மூலம் அதுவே. 'நம்முடையது' என்று நாம் மார்தட்டும் பலவும் ஒருகாலத்தில் விருந்தாளியாக வந்தவையே.

அரண்மனை அடுக்களையில் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி

தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தியாவில் வாழ்ந்தவர் மரியா குயோமார் தெ பின்யா. சப்பானிய, போர்த்துக்கீசிய மரபில் வந்த கத்தோலிக்கர். மன்னரின் அமைச்சராக விளங்கிய அவருடைய கணவர் 1688-ஆம் ஆண்டு அரசியல் புரட்சியில் கொல்லப்பட்டார். செல்வமும் சுதந்திரமும் இழந்த மரியா, பின்னர் அரண்மனை அடுக்களையில் பணியாற்றினார். முட்டையின் மஞ்சட்கருவைச் சர்க்கரைப் பாகில் நூலாக இழைக்கும் ஃபோய் தோங் முதலிய இனிப்புகளை அந்நாட்டிற்கு அளித்தவர் அவரே என்பது மரபு. போர்த்துக்கல் நாட்டுக் கன்னியர் மடங்களில் செழித்த கலை அது. இன்று அவ்வினிப்பின்றித் தாய்லாந்தில் மங்கல விருந்து சிறப்பதில்லை.

முதன்முறை வரவழைப்போருக்கு

ஏலம், பட்டை, கிராம்புடன் தேங்காய்ப்பால் சேர்ந்த மசமான் குழம்பில் தொடங்குங்கள். அது நம் குருமாவை நினைவூட்டும். புளி சேர்த்து வறுத்த அரிசி நூடுல்ஸ் ஆகிய பாட் தாய் குழந்தைகளுக்கு ஏற்றது. எல்லாவற்றையும் ஒரே நாளில் வரவழைக்காமல், ஓரிரண்டை வாங்கிப் பகிர்ந்துண்ணுங்கள். காரத்தின் அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிலக்கடலையோ இறாலோ ஒவ்வாதவர் வீட்டிலிருந்தால் கட்டாயம் விசாரியுங்கள். காய்கறி உணவிலும் மீன் சாறு சேர்வதுண்டு. சைவ விருந்தினர் வந்திருப்பின் இதை மறவாதீர்கள். ரசத்தில் மிதக்கும் வேரையும் புல்லையும் கறிவேப்பிலைபோல் ஒதுக்கிவிடலாம்.

எல்லாம் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்பதில்லை. சோம் தம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் சுவைத்தபின் "பிடிக்கவில்லை" என்பது வேறு. சுவைக்காமலே "வேண்டாம்" என்பது வேறு. முன்னது நாவின் தீர்ப்பு. பின்னது மனத்தின் கதவடைப்பு.

நம் பிள்ளைகள் தொலைவூர்களில் புதிய மனிதரோடும் புதிய உணவோடும் வாழ்கின்றனர். அவர்கள் அன்போடு நீட்டும் தட்டில் அவர்களுடைய வாழ்வின் ஒரு பகுதி இருக்கிறது. முதலில் ஒரு கவளம் உண்போம். கருத்தைப் பிறகு கூறுவோம்.