கோவையின் கைவண்ணம்

ஒரு பேரூரைக் கண்டு வந்தேன் என்று கூறுவார் பலர். அன்னாரை அணுகி, "யாது கண்டீர்?" என்று வினவினால், அகன்ற வீதிகளையும் உயர்ந்த மாடங்களையும் ஒளிவிளக்குகளையும் அடுக்கிச் சொல்வர். இவை எந்தப் பேரூரிலும் உள்ளனவே! சென்னையில் கண்ட கடையையே கோவையிலும் கண்டு, அங்கே உண்ட பண்டத்தையே இங்கும் உண்டு மீண்டவர் கோவையைக் கண்டவர் ஆகார். ஓர் ஊர்க்கே உரியது யாது என அறிய விழைவோர், அவ்வூர்ப் பொருள் ஒன்றைக் கையில் எடுத்து, "இதனைச் செய்தவர் யார்? அவர் இருப்பது எங்கே?" என்று கேட்டல் வேண்டும். அக்கேள்வி பெரும்பாலும் கடைவீதியினின்று நம்மை வெளியே அழைத்துச் சென்று, நகர்ப்புறத்துச் சிற்றூர் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தும்.

கோவை மாநகரின் வடகிழக்கே, அவிநாசி செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கருமத்தம்பட்டி. சூலூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் 2021ஆம் ஆண்டில் நகராட்சியாக உயர்ந்தது. விரைந்து செல்லும் ஊர்திகளில் இருப்போர்க்கு இது வழியில் கடந்துபோகும் ஊர்களுள் ஒன்று, அவ்வளவே. ஆயினும் பெருநகரமே எக்காலத்தும் தலைமை பெற்றிருந்தது என எண்ணுதல் பொருந்தாது. கோவைப் பகுதிக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராகிய மரியோன் பிரெசிலாக் என்னும் பிரெஞ்சுக் குரு, 1846ஆம் ஆண்டில் ஆயராகத் திருநிலை பெற்றது கருமத்தம்பட்டியிலேதான். இங்குள்ள செபமாலை அன்னை ஆலயம் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியது. ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் அதன் திருவிழா நிகழும்போது சுற்றுவட்டார மக்கள் திரளாகக் கூடுவர். இச்சாலையோரத்து ஊரில் நின்று கோவையை நோக்கினால், நகரத்தின் நடுவில் நிற்பவர்க்குப் புலப்படாத சில புலப்படும்.

கொங்கு நாட்டார் கைத்திறன் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கோவைக்கு மேற்கேயுள்ள மலையில் பிறந்து, பேரூர், சூலூர், திருப்பூர் ஆகிய ஊர்களைத் தொட்டுக் கிழக்கே ஓடிக் காவிரியிற் கலப்பது நொய்யலாறு. அதன் கரையில் உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்துள் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் எனக் குறிக்கும் ஊர் இதுவே என்பர் அறிஞர். 1985ஆம் ஆண்டு முதல் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகள், நிறக்கற்களை அறுத்துத் துளையிட்டு மணி செய்த பட்டறைகளையும், இரும்பு உருக்கிய உலைகளையும், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வெளிப்படுத்தின. அவ்வோடுகளிற் காணப்படுவன பெரும்பாலும் ஆட்பெயர்கள். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் இங்கு வாழ்ந்தோர் தம் மட்கலத்தில் தம் பெயரைக் கீறி வைத்தனர் என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

இனி, இக்காலக் கோவைக்கு வருவோம். கரிசல் நிலத்தில் பருத்தி விளைந்தது. 1888ஆம் ஆண்டில் முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களின் தொடக்கத்தில் நீலமலையிலுள்ள பைக்காராவினின்று நீர்மின்சாரம் வந்து சேர்ந்ததும் ஆலைகள் விரைந்து பெருகின. ஆலை இயந்திரத்தில் ஒரு பல் உடைந்தால், மாற்றுறுப்பு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வருதல் வேண்டும். அதுவரை ஆலை நிற்பதோ? உள்ளூர்க் கம்மியரும் வார்ப்படத் தொழிலாளரும் அவ்வுறுப்பைத் தாமே வார்க்கத் தலைப்பட்டனர். வானம் பார்த்த பூமியில் ஆழ்கிணற்று நீரை மேலேற்றப் பம்புகளும் தேவைப்பட்டன. அத்தேவையே ஆசானாயிற்று. சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்த கோ. து. நாயுடு அவர்களும் பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இணைந்து 1937இல் மின்மோட்டார் செய்தனர். அதுவே இந்தியாவில் செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுகிறது.

மோட்டார் செய்யக் கற்ற ஊர் அதனை அடுக்களைக்குள்ளும் கொண்டு சென்றது. இட்டிலி மாவு அரைப்பது எத்துணைக் கடுமையான வேலை என்பதை இக்கால மாணவர் அறியார். பாட்டிமார் நன்கு அறிவர். ஆட்டுக்கல்லில் உரல் அசையாது நிற்கும்; குழவியைக் கையாற் பற்றிச் சுழற்றல் வேண்டும். 1955ஆம் ஆண்டில் கோவையைச் சேர்ந்த சபாபதி என்பார் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பழைய அமைப்பு இங்கே தலைகீழாயிற்று. மோட்டாரின் விசையால் உரல் சுழலும். குழவி இருந்த இடத்திலேயே நிற்கும். கை செய்த வேலையைக் குழவிக்குக் கற்பிக்க முயலாமல், வேலையையே உரலிடம் மாற்றிக் கொடுத்தது நுண்ணிய அறிவன்றோ! கல்லில் மெல்ல அரைபடுவதால் மாவு சூடேறுவதில்லை. ஆதலின் நன்கு பொங்கும். இவ்வியந்திரத்துக்குக் கருங்கல்லும் அதனைக் கொத்தும் கல்தச்சரும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைத்தனர். கடையில் மினுமினுக்கும் உருளையைக் காண்போர், அதன் உள்ளே இருக்கும் கல்லைக் கொத்திய உளியை நினைப்பதில்லை.

கொங்கு நாட்டு உணவும் நிலத்தின் இயல்பை ஒட்டியதே. நீர் குறைந்த நாட்டில் நெல் அருமை. கம்பு, சோளம், கேழ்வரகு, கொள்ளு ஆகியனவே மிகுதி. ஆகவே கம்மஞ்சோறும் கேழ்வரகுக் களியும் கடைந்த கொள்ளும் நாளுணவாயின. அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் ஒரே கலத்தில் வெந்து, நெய்யோடு பரிமாறப்படும் அரிசியும் பருப்பும் என்னும் சோறு இந்நாட்டுக்கே உரியது. விருந்தினர் வந்தால் சந்தகை செய்வர். புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, இட்டிலிபோல் ஆவியில் வேகவைத்து, ஆறுமுன் அச்சிலிட்டுப் பிழிவர். ஆறினால் மாவு இறுகிவிடும். பிழிபவர் தோள் நோகும். ஆகவே ஒருவர் மாவை எடுத்துத் தர, மற்றொருவர் அழுத்துவது வழக்கம். தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அதனை உண்பர். உலர்ந்த சேமியாவை வேகவைத்துச் சந்தகை எனப் பரிமாறுவதை யாம் ஒப்புக்கொள்ளோம். அந்நாட்டுச் சர்க்கரைக்கும் ஊர் உண்டு: ஈரோட்டுப் பக்கத்துக் கவுந்தப்பாடிச் சந்தை. பழனித் திருக்கோயிற் பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்தே சர்க்கரை செல்கிறது.

ஆட்டத்திலும் பாட்டிலும் கொங்கு நாடு வறியதன்று. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் வரலாறாகிய அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவர். பிரெண்டா பெக் என்னும் அயல்நாட்டு ஆராய்ச்சியாளர் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, 1965ஆம் ஆண்டில் அக்கதை முழுவதையும் ஒலிப்பதிவு செய்தார். அருகிலிருந்த நாம் கேளாததை அவர் கடல் கடந்து வந்து கேட்டார். வள்ளி திருமணத்தைப் பாடிக் கைகொட்டி ஆடும் வள்ளிக்கும்மியோ இன்று புத்துயிர் பெற்றுள்ளது. முன்னாளில் ஆடவரே ஆடிய அக்கும்மியை, மேட்டுப்பாளையப் பகுதியைச் சேர்ந்த பத்திரப்பன் என்னும் ஆசிரியர் மகளிர்க்கும் கற்பித்தார். 2024ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பெற்றது.

நெசவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். இப்பகுதி மக்களின் வாழ்வே அதில் அடங்கியுள்ளது. பதப்படுத்தாத பச்சைப் பட்டிழையைக் கோரா என்பர். அதனையும் பருத்தியிழையையும் கலந்து சிறுமுகை முதலிய ஊர்களில் கைத்தறியில் நெய்யும் சேலையே கோவைக் கோராப் பருத்திச் சேலை. ஒரு நிலப்பகுதிக்கே உரிய பொருளின் பெயரைப் பிறர் கவராதவாறு காக்க 1999ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி மாவரைக்கும் இயந்திரமும், பின்னர் 2014இல் கோராச் சேலையும் கோவையின் பெயரால் புவிசார் குறியீடு பெற்றன. பெயர் காக்கப்படின் விலை காக்கப்படும். விலை காக்கப்படின் கைத்தொழில் அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

கருமத்தம்பட்டியிலும் அதனை அடுத்த சோமனூரிலும் நெய்யப்படும் துணியின் நிலை வேறு. இங்குள்ளவை விசைத்தறிகள். தெருவில் நடந்தால் நாடா ஓடும் ஓசை வீடுதோறும் கேட்கும். தறியுடையார் பலர் கூலி நெசவாளர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவையும் ஊடைநூலையும் தருவார். நெசவாளர் நெய்து துணியாகத் திருப்பித் தருவார். ஒவ்வொரு பாவு தீரும்போதும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையைப் பிணைத்தல் வேண்டும், அவை ஆயிரக்கணக்கின. இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிந்து மீண்டும் ஓட்டுதல் வேண்டும். ஊடை எத்தனை முறை குறுக்கே ஓடியது என்பதைக் கொண்டு கூலி கணக்கிடப்படும். மின்கட்டணமும் தறியின் உதிரி உறுப்புகளும் நெசவாளர் பொறுப்பு. 2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு விசைத்தறிகட்கு இருதிங்களுக்கு ஒருமுறை வழங்கும் இலவச மின்சாரத்தை 1000 அலகாக உயர்த்தியது. எனினும் கூலி போதாமை தீரவில்லை. 2025 மார்ச்சில் கோவை, திருப்பூர் மாவட்டத்து விசைத்தறியாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு திங்கள் தறிகள் ஓய்ந்தன. ஏப்ரலில் நடந்த பேச்சில் கூலியுயர்வு உடன்பாடாயிற்று. ஒப்புக்கொண்ட கூலி நாளடைவிற் குறைக்கப்படாதவாறு சட்டத்தின் காப்பு வேண்டும் என்பது அவர்தம் நெடுநாளைய கோரிக்கை.

இங்கு நெய்யப்படுவது வெளுக்காத, சாயமிடாத காடாத் துணி. வடநாட்டு நகரங்கட்குச் சென்று அங்கே சாயமேறி, பூவச்சுப் பெற்று, போர்வையாகவும் திரைச்சீலையாகவும் உருமாறும். அதில் ஒரு பகுதி கோவைக் கடைவீதிக்கே திரும்பி வருதலும் உண்டு. அப்போது அதன்மேல் ஒட்டியிருப்பது விற்பவர் பெயர். சோமனூர் என்றோ கருமத்தம்பட்டி என்றோ அதில் ஓரெழுத்தும் இராது.